நெஞ்சு சுத்தம் என்று சொன்னேன்

என் மகளின் இதயத்தில் இரைச்சல் இருப்பது எனக்குத் தெரியும். டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொன்னேன்.

இதுதான் நான் செய்தது. இதற்கு மேல் சொல்லப்போவதெல்லாம் விளக்கம். விளக்கம் சொல்லச் சொல்லக் குற்றம் சிறுத்துக்கொண்டே போகும்... அதனால்தான் முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன். வாசித்துக்கொண்டு போகும்போது எங்கேயாவது உங்களுக்கு என்மேல் இரக்கம் வந்தால், தயவுசெய்து திரும்பி வந்து முதல் இரண்டு வரிகளையும் படியுங்கள்.

மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். ஆஸ்பத்திரி உதவியாளர் என்பது உத்தியோகப் பெயர். தோட்டத்தில் யாரும் அப்படி அழைப்பதில்லை. டிரஸ்ஸர் ஐயா என்பார்கள். காய்ச்சல், அட்டைக்கடி, கத்தி வெட்டு, பிரசவ வலி, எது வந்தாலும் முதலில் என்னிடம்தான். என் காதுக்கு இந்த மலையில் ஒரு பெயர் உண்டு. "டிரஸ்ஸர் ஐயா கொழா வச்சுக் கேட்டுட்டார்னா, அப்புறம் தானா ராத்தா ஆஸ்பத்திரியில போயி படம் புடிக்கத் தேவையில்ல" என்று சொல்வார்கள். நான் அந்தப் பேச்சை ஒருநாளும் மறுத்ததில்லை. உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் காதால்தான் கேட்டேன்.

எழுபதுகளில், கோமதி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த நேரம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு இருமல். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா என்று ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்தேன். சளி இல்லை. வேறொன்று இருந்தது. ஒவ்வொரு துடிப்போடும், மரத்தை அரத்தால் ராவுவது போல ஒரு கரகரப்பு. வலது பக்கம் மேலே நகர்த்தினேன், கூடியது. கழுத்தில் வைத்தேன்; அங்கேயும் ஏறி வந்தது.

"கூசுதுப்பா!" என்று சிரித்தாள்.

இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் புறப்படும் வாசலில் ஒரு கதவு இருக்கிறது. வால்வு என்பார்கள். அது முழுதாகத் திறக்காவிட்டால் இப்படித்தான் சத்தம் வரும். படித்திருந்தேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் படித்திருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே தொடையில் துளையிட்டு, ஒரு மெல்லிய குழாயை இரத்தக் குழாய் வழியாக இதயம் வரை ஏற்றி, உள்ளே அழுத்தம் எவ்வளவு, நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தை இதயம் வெளியே தள்ளுகிறது என்று அளப்பார்கள்.

அந்த அளவெடுப்பை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஓரமாகத் தட்டு ஏந்தி நின்றவன் நான். மேசையில் கிடந்தவர் ஒரு லோரி ஓட்டுநர். "முடிஞ்சதும் நாசி லெமாக் சோறு வாங்கிக் குடுப்பியா லா, தம்பி?" என்று என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவர் அந்த மேசையிலிருந்து எழவில்லை. யார் மேலும் தவறில்லை, அந்த இதயம் ஏற்கெனவே நைந்துபோயிருந்தது என்றார்கள். உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் என் பிள்ளையின் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு நின்றபோது என் கண்ணுக்கு அந்த மேசைதான் தெரிந்தது.

வளரட்டும் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்குச் சில இரைச்சல்கள் தாமாகவே மறைந்துவிடும். இதுவும் மறையலாமே!

மறையவில்லை. அவள் காய்ச்சலில் படுக்கும்போதெல்லாம் கேட்டேன். ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கரகரப்பு தடித்துக்கொண்டே வந்தது. என் மனைவி பார்வதியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே பிள்ளையை இழுத்துக்கொண்டு தாப்பா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியிருப்பாள். ஒன்று மட்டும் செய்தேன். பள்ளியில் ஓட்டம், விளையாட்டு என்று வந்தால், பிள்ளைக்கு இளைப்பு உண்டு, ஓட விடாதீர்கள் என்று ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். இளைப்பு! அந்தப் பொய்யில் ஒரு வசதி இருந்தது. பிள்ளையையும் காப்பாற்றியது, என்னையும் காப்பாற்றியது.

இப்படியே போயிருக்கலாம்... அந்த மெஷின் வராமல் இருந்திருந்தால்.

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரிலிருந்து ஓர் இளம் டாக்டர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். தமிழர், கூச்ச சுபாவம், மழைக்கோட்டைக் கழற்றி மெஷினுக்குப் போர்த்திவிட்டுத் தாம் நனைந்துகொண்டு வந்தவர். தோட்டத்து மக்கள் அன்றே அவருக்கு மெஷின் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் அவரை அப்படியே சொல்கிறேன். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு அருகதை இல்லை.

அவர் கொண்டுவந்த கருவி ஒரு சின்னப் பெட்டி அளவுதான் இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி, அதன் நுனியில் பேனாவைப் போல ஒரு முனை. தொண்டைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் அந்த முனையை வைத்து, கீழ்நோக்கிச் சாய்ப்பார். காதுக்குக் கேட்காத ஒலி ஒன்று உள்ளே போகும். ஓடுகிற இரத்தத்தில் பட்டுத் திரும்பும். அதிலிருந்து இரத்தத்தின் வேகம் தெரிந்துவிடும். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று பெட்டியில் எண் எரியும்.

"கத்தி கெடையாது, ஊசி கெடையாது, உள்ள எதையும் விட வேணாம், ஐயா" என்றார்.

உள்ளே எதையும் விட வேண்டாம்! அந்தச் சொற்களைக் கேட்டபோது என் உடம்பு எப்படி ஆயிற்று என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? அந்த லோரி ஓட்டுநர் கிடந்த மேசை என் தலைக்குள்ளிருந்து முதல் தடவையாக நகர்ந்தது.

"கரெக்டா சொல்லுமா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"அதுதான் கேள்வி" என்று சிரித்தார். "கொழா விட்டு அளக்கற கணக்குக்குக் கிட்ட வருதுன்னு சில பேரு சொல்றாங்க. வரலன்னு சில பேரு சொல்றாங்க. முனை கொஞ்சம் கோணினாலும் நம்பர் கொறஞ்சிரும். அதனால மொதல்ல நல்ல நெஞ்சுக்காரங்களா பாத்து அளந்து பழகிக்கலாம்னு வந்தேன். மலை மேல வேல செய்றவங்க, நல்ல தெம்பானவங்க."

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஏனென்றால் இதைக் கேட்காமல் நான் தப்பு செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

"மெஷினுக்கு வேகம் மட்டும்தான் தெரியும், ஐயா. வாசல் எவ்வளவு அகலம்னு அதுக்குத் தெரியாது. வயசு, ஒசரம் பாத்து நான்தான் ஒரு அகலத்தக் குடுக்கறேன். ரெண்டையும் பெருக்கி லிட்டர் சொல்லுது. வாசல் சுருங்கின நெஞ்சுல வச்சா கணக்கே கவுந்துரும். ரப்பர் டியூப் வாய கட்டவெரலால அமுக்கினா தண்ணி பீச்சி அடிக்குமில்ல? வேகம் ஜாஸ்தி, தண்ணி கம்மி. மெஷின் அந்த வேகத்தப் பாத்து, அடேங்கப்பா எவ்ளோ தண்ணின்னு ஏமாந்துரும். அதனால சத்தம் இல்லாத சுத்தமான நெஞ்சா பாத்து அனுப்புங்க. ஒங்க காது பத்தி மானேஜர்கூட சொன்னாரு."

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? நாற்றுப் பாத்திகளில் பெண்கள் டியூபின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கித் தண்ணீர் பீய்ச்சுவதை நான் தினமும் பார்க்கிறவன்!

ஆனாலும் கோமதியை அந்த வரிசையில் நிறுத்தினேன்.

ஏன்? இத்தனை நாள் கழித்தும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நோயாளி என்று காட்டினால் குழாய் விட வேண்டும் என்பார்கள். நோயில்லாதவர்களோடு நிறுத்தினால் ஒரு முனையை வைத்து, ஓர் எண்ணைச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த எண் சின்னதாக இருந்தால் பயப்படலாம், அப்போது டாக்டரிடம் உண்மையைச் சொல்லலாம். பெரியதாக இருந்தால்... என் காதுதான் தப்பு என்று ஆகிவிடும். என் காது தப்பாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். இந்தக் குறுக்கு வழி ஒரு மருத்துவப் பணியாளனுக்குத்தான் தோன்றும். ஒன்றும் தெரியாத தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான்.

அன்று மருந்தகத்தில் திருவிழாக் கூட்டம். கொழுந்துக் கூடைகளை வெளியே இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"டாக்டரே, எம் புருசன் நெஞ்சுக்குள்ள வேற எவளாச்சும் இருக்காளான்னு இதுல தெரியுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மொதல்ல ஒம் புருசனுக்கு நெஞ்சு இருக்குதான்னு பாக்கச் சொல்லு லா!" என்று பின்னால் நின்றவள் சொன்னாள். டாக்டரின் முகம் சிவந்துவிட்டது.

மெஷினில் ஒரு சின்ன ஒலிபெருக்கியும் இருந்தது. ஒவ்வொருவர் கழுத்திலும் முனையை வைத்ததும், மூங்கில் தோப்பில் காற்று புகுந்து போவது போல, ஹூ... ஹூ... என்று கேட்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே. எல்லாம் காற்றுதான்.

கோமதி நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து கழுத்தைக் காட்டினாள். முனையை வைத்தார்.

அது காற்று இல்லை. விசில். கூர்மையாக, இரும்பில் இரும்பு உரசுவது போல...

பெட்டியில் எண் எரிந்தது. அதுவரை அளந்த எல்லாரையும் விடப் பெரிய எண். டாக்டர் முனையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இன்னும் கூடியது. ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார்.

"பாப்பா ஸ்போர்ட்ஸ் பண்ணுவாங்களா?"

"சுறுசுறுப்பான புள்ள, டாக்டர்" என்றேன்.

அவர் தம்முடைய ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். காதில் மாட்டப் போனவர் நிறுத்தினார். என் முன்னால் என் வேலையைச் சரிபார்ப்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளை அவர்.

"நீங்க கேட்டுட்டீங்கல்ல, ஐயா? சத்தம் ஏதும் இல்லயே?"

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கோமதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரம் தாராளமாகப் போதும்! ஆனால் அந்தப் பெரிய எண் பெட்டியில் எரிந்துகொண்டிருந்தது. அது எனக்கு வேண்டியிருந்தது.

"இல்ல, டாக்டர். நெஞ்சு சுத்தமா இருக்கு."

சொன்னேன்.

"அப்படின்னா தோட்டத்துலயே ஸ்ட்ராங்கான ஹார்ட்டு இதுதான்!" என்றார் அவர். பெண்கள் கைதட்டினார்கள். கோமதி வெட்கத்தோடு சிரித்தாள்.

நீங்கள் கேட்கலாம்: டியூப் வாயை அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் என்பது உனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லையா? வந்தது. விசிலைக் கேட்ட கணமே வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். முனை கோணினால் எண் குறையும் என்றுதானே சொன்னார், கூடும் என்று சொல்லவில்லையே என்று எனக்குள்ளே வாதாடினேன். அவர் சொன்னதில் எனக்கு வேண்டிய பாதியை வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டேன். அன்று மாலை வீட்டில் குழாயை எடுத்து அவள் நெஞ்சில் வைத்துப் பார்க்கவும் இல்லை. வைத்தால் கேட்கும் என்று தெரியும்.

பார்வதி கொஞ்ச நாளாகவே நச்சரித்துக்கொண்டிருந்தாள். படி ஏறினால் பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்று. இப்போது அவள் வாயை அடைக்க என்னிடம் ஒன்று கிடைத்துவிட்டது.

"மெஷின்லயே பாத்தாச்சு. இன்னும் என்ன?"

"மெஷின் என்னத்தக் கண்டுச்சு? அவ மொகம் வெளிறிப் போவுது, நான் பாக்குறேன்ல!"

"நீ டாக்டரா, அவரு டாக்டரா?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

பிறகு வந்தது அந்த ஓட்டம். மெரெந்தாஸ் டேசா என்று மலாயில் சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஓடும் நெடுந்தூர ஓட்டம். ஒவ்வோர் ஆண்டும் கோமதி மற்றப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பாள். அந்த ஆண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, இந்தத் தடவ சார்கிட்ட வந்து சொல்லாதீங்க. நான் ஓடப் போறேன்."

"இளைப்பு வருமேம்மா..."

"எங்கப்பா இளைப்பு? டாக்டரே சொன்னாரு, என்னோடதுதான் ஸ்ட்ராங்குன்னு. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

தடுத்திருக்கலாம். ஒரே ஒரு காரணம் சொன்னால் போதும். அந்தக் காரணத்தைத்தான் நான் இல்லை என்று சொல்லியிருந்தேன்.

"சரி, மெதுவா ஓடு" என்றேன்.

ஓட்டத்தன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, சாலை வளைவில் போய் நின்றேன். முதலுதவிப் பையையும் எடுத்துப் போயிருந்தேன். எல்லாப் பிள்ளைகளுக்காகவும் வந்தேன் என்று ஆசிரியர் நன்றி சொன்னார். இல்லை! ஒரு பிள்ளைக்காகத்தான் அந்தப் பை. என் காது தப்பு என்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தால் எதற்குப் பை?

தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பிள்ளைகள் ஏறி வந்தார்கள். கோமதி நடுக்கூட்டத்தில் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் சிரித்தாள். "அப்பா, பாத்தீங்களா!" என்று கையை உயர்த்தினாள்.

நான் கை தட்டினேன்.

வளைவைத் தாண்டி மேட்டில் ஏறியவள், யாரோ பின்னாலிருந்து இழுத்தது போல நின்றாள். பிறகு மடிந்து விழுந்தாள்.

ஓடினேன். கழுத்தில் விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. நெஞ்சை அமுக்கினேன், வாயில் ஊதினேன், மறுபடி அமுக்கினேன்... என்ன செய்தேன், எத்தனை நேரம் செய்தேன், தெரியாது. ஒரு கட்டத்தில் அவள் தொண்டையிலிருந்து ஓர் இழுப்பு வந்தது. கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோசு ஏற்றி வந்த லோரி நின்றது. சீனக் கிழவர் ஒருவர் இறங்கி, கோசு மூட்டைகளைச் சாலையில் தள்ளிவிட்டு, "செப்பாட்! செப்பாட் லா!" என்று அவசரப்படுத்திக் கத்தினார். நானும் ஆசிரியரும் அவளைத் தூக்கிப் போட்டோம். தானா ராத்தாவுக்குப் போகும் வழியெல்லாம் என் விரலை அவள் கழுத்திலிருந்து எடுக்கவில்லை.

பிழைத்தாள். அங்கிருந்து கோலாலம்பூர். நான் அத்தனை ஆண்டுகள் ஒளிந்து திரிந்த அதே குழாய், அதே மேசை. அதில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை! கொஞ்ச நேரத்தில் எழுந்து தண்ணீர் கேட்டாளாம். பிறகு நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். முன்பே வந்திருந்தால் பழைய வால்வையே கீறி விரித்துவிட்டிருக்கலாம் என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். இனி ஆயுளுக்கும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அந்த மாத்திரையோடு பிள்ளை பெறுவது ஆபத்து. கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள்.

இத்தனையும் முடிந்து வீடு திரும்பிய பிறகு ஒருநாள் மெஷின் டாக்டர் வந்தார். கையில் மெஷின் இல்லை. மருந்தக வாசலிலேயே நின்றார்.

"என் மெஷின நம்பித்தான நீங்க பாப்பாவ ஓட விட்டீங்க. நான்தான் காரணம், ஐயா. என்னை மன்னிச்சிருங்க."

கண் கலங்கியிருந்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அன்னிக்கு சத்தம் எதுவுமே இல்லயா? ரொம்ப மெல்லிசாக்கூட?"

பாருங்கள், எனக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைத்தது!

"இல்ல, டாக்டர்" என்றேன். "விடுங்க. நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?"

மன்னித்தேன். ஆமாம்... நான் அவரை மன்னித்தேன்! அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். 

அதற்குப் பிறகு அவர் எங்கள் மலைக்கு வரவில்லை. சத்தமே இல்லாத நெஞ்சும் இந்தக் கருவியை ஏமாற்றிவிடும் என்று நம்பி, அந்த வேலையையே விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. ரிங்லெட் டீக்கடையில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தது. "மெசினு டாக்டராம் லா! பச்சப் புள்ள உசுர வச்சு வெளாண்டுட்டுப் போயிட்டான்" என்றார் ஒருவர். எனக்காகத்தான் கோபப்பட்டார். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

ஒருவேளை அந்தக் கருவிக்கு வேறு பிழைகள் இருந்திருக்கலாம். அதை அளந்து சொல்ல நான் யார்? ஆனால் என் மகள் விஷயத்தில் அதன்மேல் பிழை இல்லை. எந்த நெஞ்சில் அது ஏமாறும் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அந்த நெஞ்சைத்தான் நான் கொண்டுபோய் அதன்முன் உட்காரவைத்தேன்.

இது இவ்வளவோடு முடிந்திருந்தால் இன்றும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

உலோக வால்வு மூடும்போது ஒரு சத்தம் வரும். டிக், டிக் என்று சுத்தமாக. அது மந்தமானால் வால்வில் இரத்தம் உறைகிறது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைதோறும் கோமதி என் முன்னால் வந்து உட்காருவாள். நான் குழாயை வைத்துக் கேட்பேன். "சத்தம் சரியா இருக்காப்பா?" என்பாள். "சரியா இருக்கும்மா" என்பேன். அதன் பிறகுதான் தோட்டத்துப் பாலர் பள்ளிக்குப் போவாள். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றாள். கோலாலம்பூரில், ஒலியால் இதயத்தைப் படம்பிடிக்கும் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மறுத்துவிட்டாள்.

"அந்த மாதிரி மெஷின் ஒரு தடவ பொய் சொன்னது போதும். எங்கப்பா காது இருக்கு எனக்கு."

பார்வதி கெஞ்சினாள், திட்டினாள். அசையவில்லை. அந்த வெள்ளிக்கிழமை குழாயை வைத்தேன். டிக்... டிக்... கொஞ்சம் மந்தமா? இல்லை, என் காதா? எனக்கு வயதாகிறது. டீவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன் என்று பார்வதி குறை சொல்கிறாள். மறுபடி கேட்டேன். சுத்தமாக இருக்கிறது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"சரியா இருக்காப்பா?"

அதே பதில் என் நாக்கில் வந்து நின்றது. இந்தத் தடவை அதைச் சொல்லாமல் குழாயைக் காதிலிருந்து கழற்றினேன்.

கோலாலம்பூருக்குக் கூட வந்தால் மட்டும் போதும், மெஷினில் படுக்க வேண்டாம் என்று சொல்லிக் கோமதியைத் தானா ராத்தா பஸ் நிலையம் வரை அழைத்து வந்தோம். பார்வதி டிக்கெட் எடுக்கப் போனாள். பெஞ்சில் நானும் மகளும். சொன்னேன். சின்ன வயதில் கேட்டது, மறைத்தது, வரிசையில் நிறுத்தியது, டாக்டர் கேட்டது, நான் சொன்ன பதில் எல்லாவற்றையும். மெஷின் உன்னிடம் பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், அதனால் தயவுசெய்து போய்ப் படுத்துக்கொள் என்று சொன்னேன்.

அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு வளைவுல நின்னீங்கல்லப்பா?"

"நின்னேன்மா."

"கை தட்டுனீங்க."

நான் பார்வதி நின்ற டிக்கெட் வரிசையைப் பார்த்தேன்.

"தெரிஞ்சே கை தட்டுனீங்க."

பார்வதி டிக்கெட்டோடு வந்தாள். கோமதி எழுந்து அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஏறவில்லை.

போய்ப் படுத்திருக்கிறாள். வால்வின் ஓரத்தில் உறைவு தொடங்கியிருந்ததாம். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால்... என்று டாக்டர் முடிக்காமல் விட்டாராம். இதெல்லாம் பார்வதி சொன்னது. "அந்த ரூம்புலயும் ஹூ ஹூன்னு காத்து மாதிரி சத்தம் வந்துச்சுங்க, அதக் கேட்டதும் இவ கண்ணத் தொடச்சிக்கிட்டா" என்றாள். ஏன் என்று பார்வதிக்குத் தெரியாது. கோமதி அவளிடம் எதையும் சொல்லவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.

மகளுக்குச் சொன்னதால் பாரம் குறைந்ததா என்று கேட்கிறீர்களா? அந்த டாக்டர் எங்கோ ஓர் ஊரில், தாம் செய்யாத தவறுக்காகத் தலை குனிந்து இருக்கிறார். அவர் என்னிடம் கேட்ட அந்த மன்னிப்பை நான் எங்கே போய் அவரிடம் திருப்பிக் கேட்பேன்?

நேற்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போலக் குழாயைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கோமதி என்னைக் கடந்து சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, நீ காத வச்சுக் கேளு."

"நானா? எனக்கு என்னடி தெரியும்? ஒங்கப்பாகிட்ட போ."

"பரவால்ல. நீயே கேளு."

பார்வதி அடுப்பைத் தணித்துவிட்டு, மகளின் நெஞ்சில் காதை வைத்ததை வாசலிலிருந்து பார்த்தேன்.

"டிக் டிக்குன்னு கேக்குது. நல்லதா கெட்டதா, நான் என்னத்தக் கண்டேன்!"

"அது போதும்மா."

நான் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். டிக்... டிக்... கேட்டது. கேட்டதா, கேட்க வேண்டும் என்று நான் நினைத்ததா... தெரியவில்லை.